பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்ற பெயிண்ட் கடை

பிப்ரவரி 9

வாலுக்கு,

உன் முகவரியைச் சித்தியிடமிருந்து கறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "அவ கொடுக்காதேன்னு சொல்லிருக்கா, நான் கொடுக்க மாட்டேன்" என்று மூன்று வாரம் ஒரே பாட்டு. கடைசியில் அவள் வீட்டுப் பால்கனிக் கம்பிக்கு நானே போய் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது ஒரு சீட்டைச் சட்டைப்பையில் திணித்து, "நான் கொடுக்கலைப்பா, கீழ கிடந்துச்சு" என்றாள். ஆகவே சித்தியைத் திட்டாதே. கீழேதான் கிடந்தது.

உன் போனில் என் எண்ணை நீ அடைத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் இந்தக் காகிதம். நான் பேனா பிடித்து எழுதியே எத்தனையோ வருடமாயிற்று, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, சிரி.

கடை அப்படியே இருக்கிறது. அம்மாவின் நாற்காலியில் நான் உட்காருகிறேன், இடுப்பு வலிக்கிறது. அவள் எப்படித்தான் இருபது வருடம் அதில் உட்கார்ந்தாளோ! பின்னால் ஸ்டோர் ரூமில் நம் படப்பிடிப்பு மூலையை யாரும் தொடவில்லை. நீ கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்கும் இருபது லிட்டர் டப்பா, எதிரில் அந்தச் சிவப்பு ஸ்டூல். நம் இணையப் பக்கத்துக்குப் பதினோரு பேர் இருந்த காலம் நினைவிருக்கிறதா? அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள், இரண்டு பேர் நானே. ஒவ்வொரு வீடியோவிலும் பாதித் திரையில் என் கட்டைவிரல். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நீ ஸ்டூலைக் காட்டிக் கேட்பாய்: "இன்னிக்கு இதுல யாரு உக்காந்திருக்கா? ஆளச் சொல்லு, அப்பத்தான் பேசுவேன்." நான் எரிச்சலோடு, "யாரோ ஒருத்தர் உக்காந்திருக்கார், பேசித் தொலை" என்பேன். நீ வாயைத் திறக்க மாட்டாய்.

நீ போனபிறகு ஒரு நிபுணரை வைத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து பதிவு போட வேண்டும் என்றார். போட்டேன். "இந்த ஒரு தப்பைச் செய்தால் உங்கள் சுவர் காலி" என்று தலைப்பு வைக்கச் சொன்னார். வைத்தேன். டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடச் சொன்னார். அதையும் ஆடினேன், பாவி நான். அப்புறம் ஒரு போட்டி: படத்தில் எத்தனை டப்பா இருக்கிறது என்று சரியாகச் சொன்னால் ஒரு வாளி பரிசு. நாற்பதாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளியைக் கொடுத்த மறுநாள் ஒரு பதிவு போட்டேன், ஏழு பேர் பார்த்தார்கள். வாளிக்கு வந்த கூட்டம் வாளியோடு போய்விட்டது.

இப்போது அந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பது ஒன்றுதான். அம்மாவின் சமையலறைச் சுவரைப் பற்றி நீ எழுதியது. அது சம்பந்தமாகத்தான் எழுதுகிறேன். ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் அதை விளம்பரப் படமாக எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். நான் உடனே முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு, வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. எழுதியது நீ. கொடுப்பதா, வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக?

அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன்.

அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நான் போனில் கத்திய அன்று மாலையே எடுத்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடமாகத் தொங்கவிட்டிருக்கிறாய், இப்போது கம்பெனிக்காரன் வந்து கேட்டதும் தங்கை நினைவு வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை, சொல்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நூல், நூலின் முனையில் பென்சில். கடையிலிருந்து வந்தால் அம்மாவுக்கு நோட்டுப் புத்தகம் தேட நேரமிருக்காது, கையில் கரண்டியோடு சுவரிலேயே எழுதுவாள். சிலிண்டர் மாற்றிய தேதி. பிளம்பர் நம்பர். "பெரியவன் காய்ச்சல் 102, மாத்திரை 4 மணி." என் பள்ளிக்கூட மார்க்கு, கூட்டல் தப்பாக. ஒரு மூலையில், அவ்வளவு சின்ன எழுத்தில், "சின்னவ இன்னிக்குச் சிரிக்கல. கேக்கணும்." கேட்டாள். எதற்காக நான் சிரிக்கவில்லை என்பது எனக்கே மறந்துவிட்டது, அவள் கேட்டது மறக்கவில்லை.

பெயிண்ட் கடைக்காரி வீட்டுச் சமையலறை பதினெட்டு வருடம் பெயிண்டைப் பார்க்கவில்லை. யாராவது கேட்டால், "ஊர்ச் செவுரெல்லாம் நம்ம கையிலதான் இருக்கு, இது ஒண்ணாவது என் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

அவள் போன ஒன்பதாம் நாள் நான் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோதே வாசனை வந்தது. சுவர் முழுக்க ஐவரி பெயிண்ட். நீ ஜன்னலோரம் பிரஷைக் கழுவிக்கொண்டு நின்றாய். "பளிச்சுனு ஆயிடுச்சுல்ல?" என்றாய். ஆமாம் என்றேன். சொல்ல முடியாததை அன்றிரவிலிருந்து கலர் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன், பதினேழு கார்டு. கடை மேசையின் அடி டிராயரில் வைத்தேன். அது யாருக்கும் எழுதியதில்லை.

எட்டு மாதம் கழித்து பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டு அம்மாளின் போனில் அதைப் பார்த்தேன். என் வரிகளைப் படித்து அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் போனை எடுத்துத் திறந்து கடைசி வரை படித்தேன். அடியில் என்ன இருந்தது தெரியுமா? "இந்த வாரம் மட்டும்! உட்புறப் பெயிண்டுகளுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி!"

அம்மா செத்ததற்குத் தள்ளுபடி. அதை எப்படி மன்னிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தங்கை


பிப்ரவரி 22

வாலு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை கடைக்கு ஒரு ஆள் வந்து பிரைமர் கேட்டார், நான் டிஸ்டெம்பரை எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் தள்ளுபடி. அதை நான் எழுதவில்லை, ஆனால் தப்பு என்னுடையதுதான். எந்தப் பதிவு போட்டாலும் அடியில் அந்த வரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி ஒரு மாதத்துக்கு முன்பே செட்டிங் போட்டு வைத்திருந்தேன். சுத்தமாக மறந்துபோனேன். நீ போனில் கத்திய பிறகுதான் பார்த்தேன். அந்த மணி நேரத்திலேயே எடுத்துவிட்டேன். சொல்வதற்குள் நீ அடைத்துவிட்டாய்.

இனி சுவர். இரண்டு வருடமாக இதற்கு ஒரு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன். அழுகை தாங்காமல் அடித்தேன் என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படி இல்லை. துக்கம் கேட்க வந்த யாரோ, "பெயிண்ட் கடை வச்சிருக்காங்க, வீட்டுச் செவுரப் பாரு" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, கரி, கிறுக்கல். கடையில் தினமும் பார்க்கிற கண்ணோடு பார்த்தேன், அழுக்குச் சுவர் தெரிந்தது. வீட்டில் பாதி டப்பா ஐவரி மீதியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடித்தேன். பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு அடித்தேன் என்று நினைக்கிறேன். நீ "ஆமாம்" என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்த்துத்தான் என்னவோ நடந்துவிட்டது என்று உறைத்தது. என்ன என்று கேட்கப் பயம்.

அப்புறம் ஒருநாள் வாடிக்கையாளருக்குக் கலர் கார்டு தேடி அடி டிராயரைத் திறந்தேன். நின்றபடியே பதினேழையும் படித்தேன். "அண்ணன் ஒரே மத்தியானத்தில் அம்மாவின் வாயை மூடிவிட்டான்." அந்த வரியைப் படித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் போட்டாய் என்று நீ இதுவரை கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பாதி ஆசை. இவ்வளவு நாளில் நம் பக்கத்துக்கு எழுதியதிலேயே உயிருள்ளது அதுதான், ஊர் நின்று படிக்கும் என்று தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். மீதி பாதி வேறு. நீ என்னை நேரில் ஒரு வார்த்தை திட்டவில்லை. கார்டில் திட்டியிருந்தாய். சரி, எல்லோரும் திட்டட்டும் என்று ஒரு எழுத்தையும் மாற்றாமல் இரண்டு விரலால் தட்டிப் போட்டேன். அந்தப் பதிவில் வில்லன் யார் என்று யோசித்துப் பார்த்தாயா?

திட்டினார்கள், அப்பப்பா! "அந்த அண்ணன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று ஒரு அம்மாள் போட்டிருந்தார். "நான்தாங்க அந்த அண்ணன், கடை காலையில ஒன்பதுக்குத் திறக்கும், வாங்க" என்று பதில் போட்டேன். வந்துவிட்டார்! கையில் குடையோடு. அடிக்கத்தான் வந்திருப்பார் போல. கடைசியில் ஒரு மணி நேரம் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் அம்மாவைப் பற்றிப் பேசி அழுதுவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். கடையில் ஒரு சின்ன பிரஷ் கூட வாங்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் நானே பதில் போடுகிறேன். கடை திறந்ததும் ஒரு மணி நேரம், அதற்கப்புறம்தான் வியாபாரம். ஒரு லாரி டிரைவர் எழுதினார்: வீட்டை விற்கப் போகிறார், கதவு நிலையில் பிள்ளைகள் உயரம் குறித்த கோடுகள் இருக்கின்றன, என்ன செய்யலாம்? சொன்னேன். பென்சில் கோட்டின் மேல் பிரஷைக் கொண்டு போகவே கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் தெளிக்கிற வார்னிஷ், தூரத்தில் நின்று, பூப்போல. அது காய்ந்தபிறகு கழற்றுங்கள். அப்படியே செய்து நிலையைப் பெயர்த்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோனார், படம் அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர், அடுத்தவர். எங்கெங்கிருந்தோ சுவரைப் படம் எடுத்து அனுப்பி, இதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். முதலில் நான் சொல்வது, "தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீங்க." பெயிண்ட் கடைக்காரன் பேசுகிற பேச்சா இது! ஆனால் அதற்கப்புறம் மற்ற மூன்று சுவருக்கும் எங்கே வாங்குகிறார்கள் என்று நினைக்கிறாய்? கூப்பிடாமலேயே வருகிறார்கள்.

உன்னைப் பார்க்க வைக்க வேண்டும் என்று பிரிண்ட் எடுத்தேன். மொத்தமும் எடுத்தால் மூட்டை கட்ட வேண்டும், அறுபத்து மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். நாளை பார்சலில் போடுகிறேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நீ ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுகிறேன். மறு பேச்சே பேச மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

பார்சல் இன்னும் வரவில்லை. வந்தாலும் பிரிப்பேனா என்று தெரியவில்லை.

எனக்கு இங்கே என்ன வேலை என்று சித்தி சொல்லியிருப்பாள். மெத்தை கம்பெனி, தண்ணீர் சுத்திகரிக்கிற கம்பெனி, பல் கிளிப் போடுகிற டாக்டர், எல்லோருக்கும் நான்தான் இணையத்தில் எழுதுகிறேன். ஏழாவது மாடி, கண்ணாடி அறை, ஏசிக் குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சுவரில் ஒரு பெரிய திரை. நாங்கள் எழுதியதை ஒவ்வொருவரும் எத்தனை விநாடி பார்த்தார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். போன வாரம் என் மெத்தைக் கட்டுரைக்கு மூன்று விநாடி கிடைத்தது. மேலாளர் கை கொடுத்தார். போன மாதம் இரண்டுதானாம்.

நம் பஸ் டிரைவரை நினைத்துக்கொண்டேன். நம் பக்கத்துக்கு வந்த, சொந்தம் அல்லாத முதல் ஆள்! "ராத்திரி டூட்டி, பகல்ல தூங்கணும், அறைக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று ஒரே வரி கேட்டிருந்தார். நீயும் நானும் மதியச் சாப்பாட்டை மறந்து சண்டை போட்டோம். நீ கரும்பச்சை என்றாய், நான் களிமண் நிறம் என்றேன். அம்மா கல்லாவிலிருந்தே கத்தினாள்: "ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டீங்களா ரெண்டு பேரும்?" கேட்கவில்லை. கேட்டோம். மேற்குப் பக்கம். மூன்று பத்தி பதில் எழுதினேன். பத்து நாள் கழித்துக் கடைக்கே வந்து, "நல்லாத் தூங்குறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அவருக்குப் பின்னால் நின்று குதித்தாய். ஒரே ஒரு ஆளுக்காக அப்படிக் குதித்தாயே அண்ணா! இங்கே லட்சம் வந்தாலும் யாரும் குதிப்பதில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு அடுத்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நீ சொன்னதை நம்புகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன். கோபமும் முன்போல் இல்லை. ஆனால் அது என் அம்மா. அவள் எனக்கு மட்டும் எழுதி வைத்த ஒரு வரி தெருவில் போகிறவர் எல்லோர் வாயிலும் புழங்குகிறது என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. யாரிடமும் கேட்காமல் போட்டதை, இப்போது கேட்டுவிட்டாய் என்பதற்காக இருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எடுத்துவிடு.

வாலு


மார்ச் 4

அண்ணா,

எடுக்காதே!

போன கடிதம் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போடு. வராமல் இருந்தால், வந்ததும் படிக்காமல் கிழித்துப் போடு.

பார்சல் திங்கட்கிழமை வந்தது. பிரிக்கக்கூடாது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நேற்று லீவு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். காலை ஒன்பதுக்கு எடுத்தது, மாலை வெளிச்சம் போகும்வரை படித்தேன்.

எத்தனை பேர் அண்ணா! கதவுக்குப் பின்னால் அப்பா போட்டு வைத்த கணக்குகளை வைத்திருக்கும் ஒருவர். செத்துப்போன மனைவி லிப்ஸ்டிக்கால் குளியலறைக் கண்ணாடிச் சட்டத்தில் எழுதிய "சீக்கிரம் வா"வை நான்கு வருடமாகத் துடைக்காமல் குளிக்கிற ஒருவர். அவருக்கு நீ லிப்ஸ்டிக் எண்ணெய்ப் பசை உள்ளது, வார்னிஷ் நேராகப் பிடிக்காது, மேலே கண்ணாடித் துண்டு வைத்து ஓரத்தை மட்டும் ஒட்டுங்கள் என்று எழுதி, முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லி, மூன்று நாள் கழித்து "என்னங்க ஆச்சு?" என்று நீயே விசாரித்திருக்கிறாய். உனக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று மாதம் ஆக்குவாயே!

ஒருவரும் அம்மாவின் வரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவரவர் வீட்டுச் சுவரைக் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் என்று எழுதினேன், வெட்கமாக இருக்கிறது. ஏழாவது மாடியில் மூன்று விநாடிக்குக் கை தட்டுகிற எனக்கு, இரண்டு வருடமாக ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிற மனிதர்களைப் பார்க்கத் துப்பில்லை.

படித்து முடித்ததும் உன்னைக் கூப்பிடலாம் என்று ஆபீஸ் போனிலிருந்து இன்று உன் எண்ணைப் போட்டேன். ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். எடுத்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது? காகிதத்தில் தைரியம் அதிகமாக வருகிறது. விரைவுத் தபாலில் போடுகிறேன்.

கம்பெனிக்காரனுக்குக் கிடையாது என்று சொல். மற்றபடி இருக்கட்டும். கேட்கிறதா? இருக்கட்டும்.

வாலு


மார்ச் 5

வாலு,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. பத்தரைக்கு எடுத்துவிட்டேன். மறு பேச்சுப் பேச மாட்டேன் என்றேன், பேசவில்லை.

அது எப்படி ஆயிற்று என்று மட்டும் சொல்கிறேன். ஸ்டோர் ரூமுக்குப் போய்ச் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழிக்கட்டுமா என்று போன் கேட்டது. ஆம் என்றேன். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. சுவருக்கு அப்படி யாராவது இரண்டு தடவை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆம் என்றேன். பதிவு, அதற்குக் கீழே அவர்கள் எழுதியது, நான் எழுதியது, படங்கள் எல்லாம் ஒரே விநாடியில் போயிற்று. திரும்ப எடுக்க வழி கிடையாது என்று எழுதிக் காட்டியது. வெள்ளையாக ஒரு பக்கம் நின்றது.

பெரிய நஷ்டம் என்று நினைக்காதே. உன்னுடையதை உன்னிடம் கொடுத்துவிட்டேன், எனக்கு நிம்மதி. பதினேழு கார்டும் பத்திரமாக இருக்கின்றன, இத்துடன் அனுப்புகிறேன்.

மத்தியானத்துக்குள் கடை போனுக்கு முப்பது பேராவது கூப்பிட்டிருப்பார்கள். "என்னங்க, செவுரக் காணோம்?" என்கிறார்கள். அப்படித்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் போல. "எழுதினவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கோபப்படவில்லை. "அதுவும் சரிதான்" என்றார் லாரி டிரைவர். நேற்றுகூட ஏதோ தெரியாத எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து நின்றது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும்.

நீ பஸ் டிரைவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை மட்டும் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கரும்பச்சைதான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

உன் கடிதமும் கார்டுகளும் நேற்று வந்தன. இதற்குள் என் விரைவுத் தபாலும் உன் கைக்கு வந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். அந்தத் தெரியாத எண் நான்தான். இன்னொரு மணி அடிக்க விட்டிருந்தால் எல்லாம் இருந்திருக்கும்.

நேற்று முழுக்க அழுதேன். இன்று காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று தோன்றியது, அதற்கப்புறம் அழுகை வரவில்லை. அம்மாவின் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது நீ என்ன பார்த்தாய்? அழுக்கு. அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. எடுத்துவிடு என்று எழுதியபோது நான் என்ன பார்த்தேன்? அந்தத் தள்ளுபடி வரி, பஸ்ஸில் அந்த அம்மாள், என் கூச்சம். அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் கிடந்ததை ஒரு நாள் முன்னால் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான், அண்ணா. அத்தனை பேர் எழுதியதன் மேல். நீ வாளியைத் தூக்கி நின்றாய், அவ்வளவே. இரண்டு வருடமாக உன்னிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எப்படி மனசு வந்தது என்று. மனசு வர வேண்டியதில்லை, அரை மணி நேரம் போதும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இனி அதைக் கேட்க மாட்டேன்.

போனில் உன்னைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. கண்ணாடி அறையில் உட்கார்ந்து அழ முடியாது.

வேலையை விட்டுவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். "ஊர்ல ஒரு முப்பது பேரு என்னையக் கேட்டுக்கிட்டிருக்காங்க சார்" என்றேன். முப்பதா என்று சிரித்தார். சிரிக்கட்டும். இருபத்தொன்றாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். அறுபத்து மூன்று பக்கமும் என்னிடம் இருக்கிறது, அதில் இருக்கும் ஒவ்வொருவரையும் தேடிப் பிடிப்போம். மீதிப் பேர் அவர்களாகவே வரும்வரை காத்திருப்போம்.

ஒன்றைப் போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன், எழுதக் கை வரவில்லை. அந்தப் பக்கங்களில் எல்லோருக்கும் நீ பதில் போட்டிருக்கிறாய். திட்டியவர்களுக்கு, கிண்டல் செய்தவர்களுக்கு, பெயிண்டே அடிக்காத வீட்டுக்காரர்களுக்கு. ஆனால் பதில் கிடைக்காமல் நிற்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். எண்ணினேன், பத்தொன்பது. பத்தொன்பது பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒரு தையல்காரம்மா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நீ அதைத் தாண்டி அடுத்தவருக்குப் போயிருக்கிறாய்.

"எல்லாம் சரி தம்பி, தங்கச்சி இப்ப உங்ககிட்டப் பேசுறாங்களா?"

பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது என்றாயே. அதில் முதல் வரியாக அந்தப் பத்தொன்பது பேருக்கும் பதில் போடு. வேறு எதுவும் வேண்டாம், தலைப்பு வேண்டாம், படம் வேண்டாம்.

"பேசிட்டா" என்று போடு.

வாலு